தண்ணீருக்குத் தடையில்லை

மாடியைக் காலி செய்த ஜோயல்
அட்வான்ஸைக் கறாராய்க் கேட்டு வாங்கினான்,
தான் மாட்டிய கீசரைக் கழற்றிக்கொண்டு போனான்,
ஆமையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

காதோரம் சிவப்புத் தீற்றல்,
சோப்பு டப்பா அளவு முதுகு,
மூன்றடிக் கண்ணாடித் தொட்டி.
நானும் விசாலியும் படிப்படியாய் இறக்கினோம்.
பல்லக்கில் வருவதுபோல்
அது கழுத்தை நீட்டி அம்மாப்பேட்டையைப் பார்த்தது.

"ஆமை புகுந்த வீடும்..." என்று தொடங்கிய
எதிர்வீட்டு முத்துக்கண்ணு
என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.
மீதிப் பாதி நான்தான்.
அஸ்தம்பட்டி கோர்ட்டில் பதினேழு வருஷமாய் அமீனா.
புகுந்த வீடுகளின் கணக்கு பதிவேட்டில் இருக்கிறது.
ஒன்றிலும் யாரும் காபி கொடுத்ததில்லை.

வெறும் கூழாங்கல் தொட்டி விசாலிக்குப் பிடிக்கவில்லை.
"ஜெயிலாட்டம் இருக்குதுங்க, கொஞ்சம் பச்சை வேணும்."
நாலு ரோடு மீன் கடையில்
கட்டையில் நூல் சுற்றிய அனுபியாஸ், நூற்றிருபது ரூபாய்.
மூக்கனேரிக் கரையில் காசில்லாமல்
வேலம்பாசி ஒரு கவர்.
இரவு எட்டு மணிக்கு வைத்தோம்.
காலையில் நூல் இருந்தது.

பிரிப்பது எனக்குப் புதிதா? டேப்பை எடுத்தேன்.
தெற்கே இரண்டடி ஆமைக்கு,
வடக்கே ஓரடி செடிக்கு.
செவ்வாப்பேட்டையில் கண்ணாடி வெட்டி வாங்கி
நடுவில் இறக்கினேன், மயிரிழை தப்பவில்லை.
மறுபடி மூக்கனேரி, மறுபடி ஒரு கவர்.
ஐந்தாம் நாள் வடக்குப் பக்கம் நாறியது.
ஃபில்டர் தெற்கே. தண்ணீர் வர வழியில்லை.
பாசி, வெந்த கீரை நிறம்.

அன்று ராத்திரி
ஆட்டையாம்பட்டி நினைவுக்கு வந்தது.
அண்ணன், தம்பி, நடுவில் ஒரு கிணறு.
தீர்ப்பின்படி ஆளுக்கு மூன்றரை நாள்.
கயிறு பிடித்து, கல் நட்டு, கையெழுத்து வாங்கி,
போகும்முன் சும்மா எட்டிப் பார்த்தேன்.
ஊற்று எல்லாப் பக்கமும் கசிந்துகொண்டிருந்தது.
நகல் அதற்குக் கிடைக்கவில்லை போல.

கண்ணாடியை உருவிவிட்டு
ஃபால்ஸ் சீலிங் விளக்குக்கு மாட்டும்
கட்டம் கட்டமான பிளாஸ்டிக் கிராதி வாங்கினேன்.
கட்டம் அரை அங்குலம்:
தண்ணீர் போகும், ஆமை போகாது.
ஹேக்ஸா பிளேடில் அறுத்து
ஓரப் பிசிறை விசாலியின் நக அரத்தால் தேய்த்து
(அதற்கு வேறு வாங்கித் தர வேண்டியிருந்தது)
ரப்பர் உறிஞ்சிகளில் நிறுத்தினேன்.
இரண்டாம் இரவு, இரண்டரை மணி.
டப். டப். டப்.
விளக்கைப் போட்டால் ஆமை வடக்கே,
வாயில் பச்சை மீசை.
அமீனா வீட்டிலேயே அத்துமீறல்.

பிறகு சிலிக்கான். இரண்டு நாள் வீடெல்லாம் வினிகர் வாடை.
காயும்வரை ஆமை குளியலறை வாளியில்.
விடிய விடியத் தட்டியது.
உள்ளிருந்து தட்டுவது எப்படிக் கேட்கும் என்று
அதுவரை எனக்குத் தெரியாது.

மூன்று மாதமாகிறது.
வேலம்பாசி மேல்மட்டம் தொட்டு வளைந்துவிட்டது.
கட்டங்கள் வழியே தெற்கே நீளும் நுனிகளை
ஆமை கத்தரித்துக்கொள்கிறது.
தாண்டியது அதற்கு, தாண்டாதது செடிக்கு.
மனு எதுவும் வரவில்லை.

நேற்று ஏற்காட்டு மலையை மேகம் மூடி
இங்கே கரண்ட் போனது.
ஃபில்டர் நின்ற நிசப்தத்தில்
கிராதியில் முதுகைச் சாய்த்து ஆமை தூங்கியது.
அந்தப் பக்கத்து இழை ஒன்று கட்டத்தில் நுழைந்து
அதன் ஓட்டின் மேல் படிந்திருந்தது.
விழித்தால் தின்றுவிடும்.

விசாலி கொடுத்த காபியை ஆற்றியபடி
முத்துக்கண்ணு குனிந்து பார்த்தார்.
"எத்தனை வருஷம் இருக்கும் இது?"
முப்பது என்றேன்.
எனக்கு ஓய்வுக்கு இன்னும் ஒன்பதுதான்.